தயிர்சாதத்தில் கலந்தது

அன்று என் மகள் அந்தத் தட்டிலிருந்து எத்தனை வாய் சாப்பிட்டாள்? இன்றுவரை எனக்குத் தெரியாது.

திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் வீட்டில் கணவர், மாமியார், கொழுந்தனார், இரண்டு வயது மகள், நான். கொழுந்தனாருக்கு மனச்சிதைவு நோய். சாப்பாட்டில் யாரோ விஷம் வைக்கிறார்கள் என்பார். மாத்திரையைக் கையில் கொடுத்தால் வீசிவிடுவார். அதனால் மாமியார் அதைப் பொடித்து அவருடைய தயிர்சாதத்தில் பிசைந்து வைப்பார். மாதாமாதம் சிதம்பரம் ஆஸ்பத்திரிக்குப் போய் மாத்திரை வாங்கி வருவது என் வேலை. ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா என்று டாக்டர் கேட்பார். "சாப்புடுறாரு சார்" என்பேன். அது பொய்யில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன்.

போன முறை அங்கே பெஞ்சில் லால்பேட்டையிலிருந்து ஒரு பெண் தன் தம்பியோடு வந்திருந்தாள். அவருக்கும் இதே நோய்தான். மாத்திரையை விழுங்கிவிட்டு அவர் நாக்கை நீட்டிக் காட்டினார்.

"போதுமாக்கா, வயித்தையும் தொறந்து காட்டணுமா?"

அவள் சிரித்தாள். "நாங்க தர்காவுக்கும் போனோம், ஓதியும் பார்த்தோம். ஆனா எது குடுத்தாலும் இவன்கிட்ட சொல்லிட்டுத்தான் குடுப்போம்."

நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.

அடுத்த வாரம் ஒரு மதியம், துணி காயப்போட்டுவிட்டு வந்தால், மகள் சித்தப்பா மடியில் இருக்கிறாள். தன் தட்டிலிருந்து அவளுக்கு ஊட்டிக்கொண்டிருந்தார்.

"பாப்பா மொதல்ல சாப்புடட்டும் அண்ணி. பாப்பாவுக்கு யாரும் விஷம் வைக்கமாட்டாங்கல்ல?"

மகளைப் பிடுங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன், மாமியாரும் கூட வந்தார். ஆட்டோவிலேயே அவள் தலை என் தோளில் தொங்கிவிட்டது. "மாத்திரைன்னு சொல்லாதம்மா, வெயில்ல ஆடுனான்னு சொல்லு" என்றார் மாமியார். ஆஸ்பத்திரியில் நான் மாத்திரை என்றே சொன்னேன். மறுநாள் காலையில்தான் மகள் சரியாகக் கண் விழித்தாள்.

வீட்டுக்கு வந்ததும் கொழுந்தனார் ஒன்றுதான் கேட்டார்: "ஏன் அண்ணி புடுங்குனீங்க?"

மகளைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டேன். அன்றிலிருந்து அவர் எங்கள் கையால் எதையும் சாப்பிடுவதில்லை. கடை பன் மட்டும்தான். மருந்து நின்று ஒன்பது நாள் ஆகிறது. ஜன்னலருகே நின்று யாருடனோ பேசுகிறார், குரல் தினமும் உயர்கிறது. சிதம்பரம் டாக்டருக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். திட்டினார். "நாளைக்கே கூட்டிட்டு வாங்க. அதுக்கு முன்னாடி உண்மையை வீட்டுல யாராவது சொல்லிடுங்க" என்றார். "சொன்னா இந்த ஜென்மத்துக்கும் நம்மள நம்பமாட்டான்" என்கிறார் மாமியார்.

கொழுந்தனார் பயந்தது பாதி உண்மை என்று அவரிடம் நான்தான் சொல்ல வேண்டும். உங்கள் வீட்டில் இப்படி மறைத்துக் கொடுத்து, பிறகு சொன்னவர்கள் இருந்தால், முதலில் என்ன சொன்னீர்கள் என்று தயவுசெய்து எழுதுங்கள்.