உடைந்ததைப் பொருத்திப் பார்த்தவன்

இங்கே நல்ல இரும்பை வேண்டுமென்றே உடைக்கிறார்கள். ஊரிலிருந்து இதை வாசிப்பவர்கள் சிரிக்கலாம். ஜேர்மனியில் ஒரு பல்கலைக்கழகத்தின் உலோகப் பரிசோதனைக் கூடத்தில் நான் உதவியாள். விரல் தடிமனில் இரும்புக் கம்பிகளை லேத்தில் கடைந்து ஆராய்ச்சியாளர்களுக்குக் கொடுப்பது என் வேலை. அவர்கள் அதை ஓர் இயந்திரத்தில் பூட்டி, இழுத்து விட்டு, இழுத்து விட்டு, வாரக்கணக்கில் களைக்க வைப்பார்கள். ஒருநாள் அது முறியும். முறிந்த இரண்டு துண்டுகளையும் கையுறை போட்டு எடுத்து, ஈரம் படாத பெட்டியில், ஒன்றோடொன்று முட்டாமல் படுக்க வைப்பார்கள். பிறந்த குழந்தையை அப்படித் தூக்குவதைத்தான் நான் முன்பு பார்த்திருக்கிறேன்.

மாத்தளையில் நான் வேலை செய்த கராஜுக்கு உடைந்தது தானாகவே வரும். நாவுலயிலிருந்தும் வில்கமுவவிலிருந்தும் டிராக்டரின் சக்கர அச்சான எக்ஸலைச் சாக்கில் சுற்றி பஸ்ஸில் கொண்டுவருவார்கள். கையில் வாங்கியதும் முதல் வேலை, இரண்டு துண்டையும் பொருத்திப் பார்ப்பது. பொருந்தினால் இடையில் எதுவும் சிதறிப்போகவில்லை, புதிது கடைய அளவெடுக்கலாம். பிறகு முறிந்த முகத்தைப் பார்ப்பேன். ஒரு பக்கம் கறுத்து வழவழப்பாக இருக்கும், மறுபக்கம் பளபளவென்று சொரசொரப்பாக. "பாரம் ஏத்தி உடையலைங்க. ரொம்ப நாளா வெடிச்சுக்கிட்டே இருந்திருக்கு" என்று சொல்வேன். சிங்களவர்களுக்குச் சிங்களத்தில் சொல்வேன். சாதாரண தரப் பரீட்சையோடு பள்ளிப் படிப்பை விட்டவன் நான். பார்த்துப் பார்த்து வந்த பழக்கம் அது.

அதற்கு ஒரு துறையே இருக்கிறதென்று இங்கே வந்துதான் தெரிந்துகொண்டேன். நடைபாதைப் பலகையில் அறிவித்தல்கள் தொங்கும். விமான இறக்கையில் வெடிப்பு வளர்வதை ஆராய ஒருவர் தேவை. காற்றாலைத் தண்டுக்கு ஒருவர். பல்லுக்கு வைக்கும் பீங்கானுக்கு ஒருவர். தேநீருக்குப் போகும்போதெல்லாம் நின்று வாசிப்பேன். கடைசி வரி எப்போதும் ஒன்றுதான்: பட்டம் அவசியம்.

சென்ற வருடம் தர்ஷினி ஆராய்ச்சி மாணவியாக வந்தாள். மாத்தளை நகரத்துப் பிள்ளை. அப்பா யாழ்ப்பாணத்திலிருந்து அரசாங்க வேலைக்கு வந்து மாத்தளையிலேயே தங்கிவிட்டவர்.

"அண்ணை மாத்தளையோ? எவடம்?"

"டவுனுக்கு மேலங்க. தோட்டத்துப் பக்கம்."

"அப்ப நாங்கள் பக்கத்து ஆக்கள்!"

பக்கத்து ஆட்கள்தான். அவளுடைய அப்பா வேலை பார்த்த கந்தோரில் ஒரு கையெழுத்துக்காக என் அம்மா பொழுது சாயும்வரை நின்றிருக்கிறார். அதைச் சொல்லவில்லை. நான் எதையும் சட்டென்று சொல்லுகிறவன் இல்லை.

அந்தப் பலகையை அவள் சாப்பாட்டுக்கடை விலைப்பட்டியல் மாதிரி வாசிப்பாள். "இது முடிய சுவீடனுக்குப் போகலாம் அண்ணை. இல்லாட்டி மோட்டார்க் கம்பனி. எங்கடை துறையில வேலைக்குப் பஞ்சமில்லை."

"நல்லது தங்கச்சி" என்பேன். லேத்துக்குத் திரும்பும்போது வயிறு எரியும். நான் கடைந்த கம்பி முறிவதைப் பார்த்து எழுதி அவள் கலாநிதியாகப் போகிறாள்.

கம்பியில் வெடிப்பு எந்த இடத்தில் பிறக்கிறது என்பது அவளுடைய ஆராய்ச்சி. அதற்கென்று ஒரே வார்ப்பில் எடுத்த கம்பிகளில் மிஞ்சியது ஒன்றுதான். அது முறிந்த முகத்தின் படத்தை அடுத்த மாதக் கூட்டத்தில் காட்டினால்தான் அவளுடைய ஒப்பந்தம் நீளும். இல்லாவிட்டால் ஊருக்குப் போகவேண்டியதுதான்.

ஒரு திங்கட்கிழமை காலை நான் முதலில் வந்தேன். இயந்திரம் நின்றிருந்தது, கம்பி முறிந்திருந்தது. துண்டுகளைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தேன். ஓரத்தில் சின்னப் புள்ளி, அதன் பக்கத்தில் படிக்கட்டு மாதிரி இரண்டு படி, அங்கிருந்து வளைந்து வளைந்து போகும் கோடுகள். வில்கமுவ எக்ஸல்களில் பார்த்த அதே முகம். என்னையறியாமல் சிரித்தேன். அடுத்த நொடி என் கைகள் இரண்டையும் சேர்த்து, திருகி, பொருத்திப் பார்த்துவிட்டன. கரகரவென்று ஒரு சத்தம். பொருத்திப் பார்க்கக் கூடாது என்று எதிர்ச்சுவரில் படம் போட்டு ஒட்டியிருக்கிறது. முறிந்த முகம் தேய்ந்தால் நுணுக்குக்காட்டியில் ஒன்றும் தெரியாது. துண்டுகளை இருந்தபடியே இயந்திரத்தில் பூட்டிவிட்டுப் போய்விட்டேன்.

மத்தியானம் தர்ஷினி முகம் வெளுத்து வந்தாள். "எல்லாம் தேய்ஞ்சு போச்சுது அண்ணை. நான் கவனமில்லாமல் எடுத்தனாம் எண்டு உல்ரிக்கே சொல்லுறா." உல்ரிக்கேதான் கூடத்தின் பொறுப்பாளர். நான் லேத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன். உள்ளே ஏதோ இனித்தது. அந்த இனிப்பு ஒரு நாள் முழுக்க இருந்தது. அதை எழுதாமல் விட்டால் இந்தக் கட்டுரை பொய்யாகிவிடும்.

மறுநாள் அவள் பலகைக்கு முன்னால் நின்று, ஊருக்குத் திரும்பினால் என்ன சொல்வது என்று அழுதாள். நான் உல்ரிக்கேயின் அறைக்குப் போய், தெரிந்த ஜேர்மனில், "நான் செய்தேன்" என்றேன். அவர் எழுந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்கள் நல்ல மனிதர். சொந்த ஊர்ப் பெண்ணைக் காப்பாற்றப் பார்க்கிறீர்கள். வேண்டாம்." திரும்பவும் சொன்னேன். அவர் இன்னும் அன்பாகச் சிரித்தார். ஒருவரையொருவர் தாங்கும் மக்கள் என்று எங்களைப் பற்றி எங்கோ கேள்விப்பட்டிருப்பார் போலும்.

வேறு வழியில்லாமல் அவருடைய மேசையில் கிடந்த தாளில் வரைந்தேன். தேயுமுன் நான் பார்த்த முகம்: புள்ளி, இரண்டு படி, கோடுகள். தர்ஷினியைக் கூப்பிட்டு நுணுக்குக்காட்டியில் அந்த ஓரத்தைத் தேடச் சொன்னார். நடுப்பகுதி அழிந்திருந்தது. ஓரத்தில் ஒரு துளி தப்பியிருந்தது. புள்ளியும் இரண்டு படியும் அங்கேயே இருந்தன. அவளுக்கு அந்தப் படம் போதும். உல்ரிக்கேவுக்கு என்மேல் இருந்த அன்பும் அத்தோடு தீர்ந்தது.

தர்ஷினி வெளியே வந்து கேட்டாள். "ஏன் அண்ணை நேற்றே சொல்லேல்லை? என்னில ஏதும் கோவமோ?"

"கோவம் இல்லம்மா. பொறாமை."

"என்னிலையோ?" சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. "நான் ஒவ்வொரு நாளும் பயந்துகொண்டல்லோ வாறனான்."

அதற்குப் பிறகும் எனக்கு அவள்மேல் இரக்கம் முழுதாக வரவில்லை.

பிழை நடந்தால் இங்கே ஒரு படிவம் நிரப்பவேண்டும். பெயர், நடந்தது என்ன, இந்த வேலையைப் பழகிய இடம். ஜேர்மனில் எழுத எனக்கு வராது. தர்ஷினிதான் நான் சொல்லச் சொல்ல நிரப்பினாள். காரணம் என்ற இடத்தில் என்னைக் கேட்காமலே 'பழக்கம்' என்று எழுதினாள். பாதி உண்மை. நான் திருத்தவில்லை. பழகிய இடம் வந்ததும் பேனையை வாங்கி, நானே பெரிய எழுத்தில் மாத்தளை என்று எழுதினேன்.

அவளுடைய ஒப்பந்தம் நீண்டுவிட்டது. அவளுடைய ஆராய்ச்சிக் கட்டுரை அச்சில் வரும்போது அவள் பெயருக்குக் கீழே இந்த ஜேர்மன் நகரத்தின் பெயர்தான் இருக்குமாம், அதுதான் முறையாம். எங்கள் ஊரின் பெயர் இந்தக் கட்டடத்தில் எழுதப்பட்டிருப்பது ஒரே ஒரு தாளில்தான், பிழைகளை அடுக்கிய கோப்பில், என் பெயருக்குக் கீழே. "என்ரை ஊரையும் நீங்களே எடுத்திட்டியள்" என்று அவள் பகிடியாகச் சொன்னாள். நான் சிரித்தேன். ஆனால் அந்தத் தாளில் இருக்கும் ஊரை அவளுக்குப் பங்கு கொடுக்க எனக்கு மனமில்லை.