எண்ணெய் பாட்டிலும் பஸ் ஸ்டாண்டும்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு சரி. ஞாபகமும் அங்கங்கே விட்டுப்போகிறது. பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் டாக்குரியா வீட்டு மாடியில் கானா நாட்டு ஓவியர் ஒருவர் குடியிருந்தார். ஜாதவ்பூர் யுனிவர்சிட்டியில் படிக்க வந்தவர். தன் ஊரில் சோப்பு உறை, பால் டின் லேபிள் எல்லாம் வரைந்து பேர் வாங்கியவர். சொந்தப் படத்தைக் கண்காட்சிக்கு எடுத்துப்போனால், சோப்பு உறைக்காரர் என்று மரியாதையாகத் திருப்பி அனுப்புவார்களாம். ஒரே ஒரு பெரிய படத்தையாவது ஊர் பார்க்கத் தொங்கவிட வேண்டும் என்று அரைகுறை பெங்காலியில் என்னிடம் சொல்வார். என்னை மாஷிமா, அதாவது சித்தி, என்றுதான் கூப்பிடுவார்.

அந்த வருஷம் தெருப் பூஜை கமிட்டி, துர்கா பந்தலுக்கு ஆப்பிரிக்கா என்று தீம் வைத்தது. ஆப்பிரிக்கர் மாடியிலேயே இருக்கும்போது வேறு என்ன வைப்பார்கள்? என் பிள்ளை மெம்பர் என்பதால் கூட்டம் எங்கள் கூடத்தில் நடந்தது. நான் டீ கொடுத்துவிட்டுக் கதவோரம் நின்றேன்.

பந்தலுக்கென்று ஓவியர் விரித்த படத்தில் அவர் ஊர் பஸ் ஸ்டாண்டு. கலர் குடைகள், தலையில் ரொட்டிக் கூடையோடு செல்போனில் சண்டை போடும் பெண்கள்.

"தாதா, சிங்கம் எங்கே?" என்றார் செயலாளர். தாதா என்றால் அண்ணா; இங்கே எல்லோரும் அண்ணாதான்.

"நான் சிங்கம் பார்த்ததே உங்க ஊர் ஜூவிலதான்."

"குடிசையாவது போடுங்க."

"நான் இருந்தது நாலாவது மாடி ஃப்ளாட்."

"அது ஆப்பிரிக்கா மாதிரி இல்லையே, தாதா!"

கடைசியில் மேதினிபூரிலிருந்து பந்தல் கட்டும் ஆட்கள் வந்து ஆப்பிரிக்காவைக் கட்டினார்கள். நன்றாகவே கட்டினார்கள். இவர் மனம் நோகக் கூடாதே என்று, வாசலில் வைக்கும் தலை எண்ணெய் விளம்பர பேனரை இவருக்குக் கொடுத்தார்கள். பாட்டில் பெரிதாகத் தெரிந்தால் போதும், மீதியில் எதை வேண்டுமானாலும் போடலாம் என்றார் கம்பெனிக்காரர்.

இவர் முழு பஸ் ஸ்டாண்டையும் போட்டார். ஓரத்தில் ஆளுயர பாட்டில். சப்தமியன்று ஜனங்கள் குடிசைகளை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு பேனர் முன்னால் செல்ஃபி எடுத்தார்கள். அடுத்த பேனரும் உங்களுக்கே என்று கம்பெனிக்காரர் பூரித்துப்போனார்.

ஓவியர் முகம்தான் வாடிக்கிடந்தது. "மாஷிமா, இது படமா, விளம்பரமா?"

கூட்டத்தில் பேச எனக்குக் கூச்சம். ஒரு கண்ணை மூடி, கையை நீட்டி, உள்ளங்கையால் பாட்டிலை மறைத்துப் பார்த்தேன்.

"இப்போ படம்தான்" என்றேன் மெதுவாக.

அவரும் அப்படியே கையை நீட்டிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பின்னால் வந்தவர்கள், இதுதான் பார்க்கும் முறை போலிருக்கிறது என்று தாங்களும் வரிசையாகக் கையை நீட்டினார்கள்.

அது சப்தமியா அஷ்டமியா என்று இப்போது சந்தேகம். பந்தலுக்கு வந்தவர்கள் யாராவது சரிபார்த்துச் சொன்னால் திருத்திக்கொள்கிறேன்.