தகப்பனுக்கு இரண்டு வயது மூத்த மகன்

“வேற என்ன பேரெல்லாம் இரிக்கு? ஒளிக்காமச் சொல்லுங்ககா.”

கணினியில் கை வைக்குமுன் தங்கராசா எல்லாரிடமும் கேட்பது இதைத்தான். மட்டக்களப்பு நீதிமன்றத்துக்குப் பக்கத்தில், வாவிக் காற்றுக்குக் கதவு அடித்துக்கொண்டேயிருக்கும் சின்ன அறையொன்றில் சொல்வது உண்மை என்று சத்தியம் செய்து ஒப்பமிடும் சத்தியக்கடதாசி அடித்துக் கொடுக்கிறார். ஏறாவூரிலிருந்து ஒரு பெண், பிறப்புச் சான்றிதழில் கைறுன்னிஸா, கடவுச்சீட்டில் கைருநிசா என்று கலங்கிப்போய் வந்தாள். “இதுக்கா அழுறீங்க? ரெண்டும் ஒரே ஆள்தான் எண்டு ஒரு வரி அடிச்சாச் சரி” என்று சிரித்தார். அடித்தது இரண்டே விரலால். ஒவ்வோர் எழுத்தையும் வாய்விட்டுச் சொல்லித்தான் அடிப்பார், வெளியில் நிற்பவனுக்கும் மனப்பாடமாகிவிடும்.

அடுத்தவர் பெயர்க் குழப்பத்துக்குச் சிரிக்கிற மனிதர், வேதப்புத்தகத்தைத் திறந்தால் வியர்த்துப்போகிறார். மோசேயின் மாமனாருக்கு ஓரிடத்தில் ரெகுவேல், ஓரிடத்தில் எத்திரோ, இன்னோரிடத்தில் ஓபாப் என்று பெயர். அதையாவது சமாளித்துவிடுவார்: “வீட்டில ஒண்டு, பள்ளிக்கூடத்தில ஒண்டு, நம்மட ஆக்களுக்கு இல்லையா?” அவருக்குச் சோறு இறங்கவிடாமல் செய்பவன் அகசியா ராஜா. ராஜாக்களின் புத்தகத்தில், தகப்பன் செத்ததும் அவன் பட்டத்துக்கு வந்தது இருபத்திரண்டு வயதில். அதே வேதத்தின் நாளாகமப் புத்தகத்தில் நாற்பத்திரண்டு. அவனுடைய தகப்பன் யோராம் செத்ததோ நாற்பதாவது வயதில்!

“மகன் தகப்பனை விட ரெண்டு வயசு மூப்புகா” என்று அவர் சொன்னபோது, அவரோடு தேநீர் குடிக்கப் போயிருந்த நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. வந்தாறுமூலைக் கம்பஸில் படிக்கும் மகள் மேனுகா கண்டுபிடித்த கணக்கு அது. “இதுக்குப் பதில் சொல்லுங்கப்பா, பிறகு சேர்ச்சுக்கு வாறன்” என்று சொல்லிப் போனவள் ஆறு ஞாயிறாக வரவில்லை. பாவம், அந்த ஆறு ஞாயிறும் தன் பக்கத்து இடத்தில் அவர் யாரையும் உட்காரவிடவில்லை.

போதகரிடம் போய்க் கேட்டாராம். பிரதி எடுத்தவனின் கைப்பிழை என்றாராம் போதகர். கைப்பிழையைப் பற்றித் தங்கராசாவுக்கா சொல்லித் தரவேண்டும்? ஆனால் பயம் இன்னும் கூடித்தான் போனது. “இதில பிழை எண்டா வேற எதில எல்லாமோ? இந்தப் புத்தகத்தில கைய வச்சுத்தானே நம்மட ஆக்கள் சத்தியம் பண்றாங்க? புள்ளைக்கு நான் என்னத்தச் சொல்ல?” என்று என்னைப் பிடித்துக்கொண்டார். தேநீர் ஆறுகிறது என்று மட்டும் சொன்னேன்.

போன வெள்ளிக்கிழமை நான் அங்கே இருக்கும்போதே மேனுகாவின் அழைப்பு வந்தது.

“என்னப்பா, பதில் கிடைச்சுதா?” அவள் கேட்டது எனக்கும் கேட்டது.

“கொஞ்சம் பொறு மகள்” என்று தொலைபேசியை மேசையில் வைத்தார். விரித்தபடி கிடந்த வேதப்புத்தகத்தை இரண்டு கையாலும் மெல்ல மூடினார். மேசை இலாச்சியை இழுத்து அதற்குள் வைத்து, இலாச்சியையும் சத்தமில்லாமல் சாத்தினார். பிறகுதான் தொலைபேசியை எடுத்து, முதுகை இலாச்சிப் பக்கம் திருப்பிக்கொண்டு, குரலை நன்றாகத் தாழ்த்திச் சொன்னார்:

“எனக்கும் தெரியா மகள்.”