அறுநூறு பெண்களின் மறக்க முடியாத நாள்

ஒரு கேள்விக்குச் சரியான விடை ஒன்றுதான். அறிந்தவர் அதைச் சொல்ல வேண்டும், அறியாதவர் அதைப் பிழையின்றி எழுதிக் காட்ட வேண்டும். கனடாவில் எங்கள் முதல் குளிர்காலம் வரை வீட்டில் மூவரும் இப்படித்தான் நம்பியிருந்தோம். நான் ஆம்பூரில் ஒரு பெண்கள் பள்ளியில் பதினான்கு ஆண்டுகள் ஆங்கிலம் கற்பித்தவள். என் கணவர் சாலமன் அங்கே தோல் தொழிற்சாலை ஒன்றின் சாயப் பிரிவில் இருந்தார். இப்போது ஒண்டாரியோவில், கார் இருக்கைகளுக்கான தோலுக்கு நிறமேற்றும் தொழிற்சாலையில் ஏறக்குறைய அதே வேலையைச் செய்கிறார். மகள் ஜெனி பத்தாம் வகுப்பு. அவளுடைய பையிலிருந்து வெளிவந்த முதல் ஆங்கில வீட்டுப்பாடத் தாளைப் படித்தபோது அதில் அச்சுப்பிழை இருப்பதாகவே எண்ணினேன். உங்களால் மறக்க முடியாத ஒரு நாளைப் பற்றி எழுதுங்கள் என்றது அந்தத் தாள். அது எனக்குப் பழகிய கேள்விதான். அடுத்த வரிதான் விசித்திரம். முதல் வரைவு மோசமாக இருக்கலாம், மோசமாகவே இருக்கட்டும், அதைக் கொண்டுவாருங்கள் என்றிருந்தது.

"மிஸ் இன்னா பாயிண்ட்ஸ் குடுத்தாங்க?" என்று கேட்டேன்.

"மிஸஸ் பார்க்கர் ஒண்ணுமே குடுக்கலம்மா. உனக்கு இன்னா தோணுதோ அத எழுதுன்னாங்க."

"தோணறதுக்கா மார்க்கு?"

"அதான் எனக்கும் பேஜாரா இருக்கு."

காலணியைக் கழற்றிக்கொண்டிருந்த சாலமன் சிரித்தார். "சாயம் ஏத்தறதுக்கு முன்னாடியே கலர் நல்லா இல்லன்னு எழுதிக் குடுக்கற கதையா இருக்கே, ஸ்டெல்லா. எங்க கம்பெனில இப்படிச் சொன்னா அன்னிக்கே வீட்டுக்கு அனுப்பிடுவான்."

வீட்டுப்பாடம் என்றால் எங்களுக்கு வேறு பொருள். பழுப்புக் காகித அட்டை போட்ட நோட்டு, சிவப்பு மையில் ஓரக்கோடு, அளவுகோல் வைத்து அடிக்கோடிட்ட தலைப்பு. நான் கரும்பலகையில் எழுதுவேன்; நாற்பதுக்கும் மேற்பட்ட பெண்கள் படியெடுப்பார்கள்; மறுநாள் எழுந்து நின்று ஒப்பிப்பார்கள். ஒரு சொல் தவறினால் அந்த வரியைப் பத்து முறை எழுதி வர வேண்டும். இதில் கொடுமை இருப்பதாக நானோ, அவர்களோ, அவர்களுடைய பெற்றோரோ கருதியதில்லை. அந்தப் பெண்களில் பாதிப் பேர் வீட்டில் உருது பேசுபவர்கள், மீதிப் பேர் தமிழ் பேசுபவர்கள். அவர்களுடைய தாய்மார் பலர் ஷூ கம்பெனிகளில் மேல்தோல் தைப்பவர்கள். ஆங்கிலம் அவ்வீடுகளில் யாருக்கும் சொந்தமில்லை. சொந்தமில்லாத ஒன்றைக் கீறல் விழாமல் கையாண்டு அப்படியே திருப்பித் தருவதுதான் நேர்மை என்று நாங்கள் அனைவரும் ஏற்றுக்கொண்டிருந்தோம்.

'மறக்க முடியாத நாள்' என்ற தலைப்புக்கு நான் எழுதித் தந்த கட்டுரை பாலாற்றில் தண்ணீர் வந்த நாளைப் பற்றியது. அது கைடு புத்தகத்திலிருந்து எடுத்ததன்று; என் சொந்த நினைவு. எனக்குப் பன்னிரண்டு வயதிருக்கும்போது, மணலாகவே கிடந்த ஆற்றில் ஒரு நாள் காலையில் வெள்ளம் வந்தது. ஊரே பாலத்துக்கு ஓடியது. கூட்டத்தில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை என்று என் தந்தை என்னைத் தம் வலிமையான தோள்களில் தூக்கி வைத்துக்கொண்டார். செம்மண் நிறத்தில், நுரை சுழல, ஒரு கரையிலிருந்து மறுகரை வரை தண்ணீர். ஆறு பத்திகள், இரண்டு உவமைகள், முடிவில் ஒரு நன்றி வாக்கியம். ஆண்டுதோறும் புதிய வகுப்புக்கு அதையே தந்தேன். அரையாண்டுத் தேர்வில் ஒரு வகுப்பு முழுவதும் அதே பாலத்தில், அதே தந்தையின் தோளில் ஏறி நிற்கும். திருத்துவதற்கு எளிதாக இருக்கும். எல்லோருக்கும் முழு மதிப்பெண் போடுவேன்.

ஜெனிக்கும் அதைத்தான் எழுதித் தந்தேன். மூன்று நாளில் மனப்பாடம் செய்துவிட்டாள். சமையலறைக்கும் கூடத்துக்கும் இடையில் நடந்துகொண்டே ஒப்பித்தாள். நான் சப்பாத்தி தேய்த்தபடி காற்புள்ளிகளைக்கூடக் கேட்டுச் சரிபார்த்தேன். இறுதி வரைவை வகுப்பிலேயே, குறிப்புகள் ஏதுமின்றி எழுத வேண்டும் என்பதை அறிந்தபோது எனக்குப் பெருமிதம்கூட உண்டாயிற்று. அதற்குத்தானே நாங்கள் பழகியிருந்தோம்.

பத்து நாள் கழித்துப் பள்ளியிலிருந்து மின்னஞ்சல் வந்தது. கட்டுரையைப் பற்றிப் பேச வேண்டும், தாயோ தந்தையோ வர வேண்டும். பாராட்டப் போகிறார்கள் என்று நினைத்தேன் என்பதை இப்போது எழுதக் கூச்சமாக இருக்கிறது. நல்ல பருத்திச் சேலை ஒன்றை உடுத்தி, அதன்மேல் குளிர்கோட்டை மாட்டிக்கொண்டு, ஆம்பூரிலிருந்து கொண்டுவந்த என் கட்டுரை நோட்டையும் எடுத்துக்கொண்டு போனேன். ஒரு ஆசிரியைக்கு இன்னொரு ஆசிரியை தன் நோட்டைக் காட்டுவது மரியாதை என்பது என் எண்ணம்.

மிஸஸ் பார்க்கர் மென்மையானவர். என் வயதுதான் இருக்கும். மேசையில் இரண்டு தாள்களை அருகருகே வைத்தார். ஒன்று ஜெனியின் கையெழுத்தில் இருந்த கட்டுரை. மற்றொன்று மாணவர் கட்டுரைகளைத் தொகுத்திருந்த ஏதோ இணையதளத்திலிருந்து அச்செடுத்தது. இரண்டிலும் வரிக்கு வரி மஞ்சள் பூசப்பட்டிருந்தது. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஜெனி தன் கையுறையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதை எழுதியது யார் என்று உங்களுக்குத் தெரியுமா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"நான்தான்" என்றேன், புன்னகையோடு. "இரண்டையுமே. இவள் இணையத்திலிருந்து எடுக்கவில்லை. நான் தந்ததை மனப்பாடம் செய்தாள். ஒரு சொல்கூடத் தவறவில்லை, பாருங்கள்." என் நோட்டைத் திறந்து அவர் பக்கம் திருப்பி வைத்தேன். மகளின் மேல் விழுந்த பழியை நானே துடைத்துவிட்டேன் என்று நிமிர்ந்தேன்.

அவர் முகத்திலிருந்து நிறம் வடிந்தது. பிறகு, ஒரு நோயாளியிடம் பேசுவது போலத் தாழ்ந்த குரலில், "இங்கே இதற்குப் பெயர் திருட்டு" என்றார். நான் தந்தேன், அவள் பெற்றுக்கொண்டாள், இதில் திருட்டு எங்கே என்று கேட்டேன். "ஜெனி எங்கே என்றுதான் நானும் கேட்கிறேன்" என்றார் அவர். "இந்த ஆறு பத்திகளில் ஜெனி எங்கே இருக்கிறாள்?"

இந்த இரு கேள்விகளும் ஒன்றையொன்று தொடாமல் மேசைமேல் கிடந்தன. விதிப்படி பூஜ்யம் தர வேண்டும் என்றும், பூஜ்யம் வந்தால் அடுத்த ஆண்டு பல்கலைக்கழகத்துக்கு வழிகாட்டும் ஆங்கில வகுப்பில் ஜெனிக்கு இடமில்லை என்றும் அவர் விளக்கினார். பிறகு ஒரு விரலை அச்சுத்தாளில் வைத்தார். "ஒரே ஒரு சொல்லை மட்டும் உங்கள் மகள் மாற்றியிருக்கிறாள். நான் கண்டுபிடித்துவிடக் கூடாது என்றுதான் மாற்றினாள் என நினைத்தேன்."

குனிந்து பார்த்தேன். ஜெனியின் தாளில் தந்தை என்றிருந்த இடங்களில் எல்லாம் இணையத்துத் தாளில் மாமா என்று இருந்தது. வலிமையான தோள்கள் மாமாவுடையவை. நன்றியும் மாமாவுக்கே. கீழே பெயர்: ரேஷ்மா, ஆம்பூர்.

ஜன்னலோரம் மூன்றாவது பெஞ்சில் எழுந்து நின்ற ஒரு ஒல்லியான பெண் உடனே நினைவுக்கு வந்தாள். "மிஸ், எனக்கு அப்பா இல்லீங்க. எங்க மாமூதான் என்னை வளக்கறாரு. ஃபாதர்னு வர்ற எடத்துல அங்கிள்னு போட்டுக்கவா?" என்று கேட்டாள். நான் கரும்பலகையிலிருந்து திரும்பக்கூட இல்லை. "மாத்தாதம்மா. நோட்டுல இருக்கறத அப்படியே எழுது. மாத்தினா மார்க் கம்மியாயிடும்." அவள் உட்கார்ந்தாள். தேர்வில், தனக்கு இல்லாத தந்தையின் தோளில் ஏறி நின்று தண்ணீரைப் பார்த்தாள். முழு மதிப்பெண் போட்டேன். பதினான்கு ஆண்டுகளில் அறுநூறு பெண்களாவது அந்தத் தோளில் ஏறியிருப்பார்கள். அவர்களில் எத்தனை பேருக்குத் தந்தை இருந்தார் என்று நான் ஒருமுறையும் கேட்டதில்லை.

மிஸஸ் பார்க்கர் என் கண்ணீரை வேறுவிதமாகப் புரிந்துகொண்டார். காகிதக் கைக்குட்டைப் பெட்டியை என் பக்கம் நகர்த்தி, "திங்கட்கிழமைக்குள் ஜெனி மறுபடி எழுதட்டும், அவளாகவே. அதைப் படித்துவிட்டு முடிவு செய்கிறேன்" என்றார். ரேஷ்மாவைப் பற்றிச் சொல்ல வந்ததை ஆங்கிலத்தில் எப்படித் தொடங்குவது என்றே எனக்குத் தெரியவில்லை.

அந்தச் சனிக்கிழமை முழுவதும் ஜெனி வெள்ளைத் தாளின் முன் உட்கார்ந்திருந்தாள். "எனக்கு ஒரு நாளும் ஞாபகம் வரலம்மா. எத நெனச்சாலும் உன் இங்கிலீஷ்லதான் வருது. நீயே ஒரு லைன் மட்டும் சொல்லேன்" என்றாள். வாய்வரை வந்த வாக்கியத்தை விழுங்கிக்கொண்டு துணி மடிக்கப் போனேன். அவளிடம் நான் எதையும் சொல்லித் தராமல் இருந்த முதல் நாள் அதுதான். சாலமன் அவளருகே ஒரு தட்டில் முறுக்கை வைத்து, "மோசமா எழுதும்மா. மோசமாத்தான கேட்டாங்க" என்றார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வீடு திரும்பியதும் அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். மாலையில் மூன்று பக்கங்களை என்னிடம் நீட்டினாள். "படி. ஆனா பேனா எடுக்காத."

பாலாறு அதில் இல்லை. அவளால் மறக்க முடியாத நாள், சென்ற வாரத்துச் செவ்வாய்க்கிழமை. சேலைமேல் குளிர்கோட்டு அணிந்த ஒரு பெண், நோட்டை நெஞ்சோடு அணைத்தபடி பள்ளி வராந்தாவில் வேகமாக நடக்கிறாள். ஈரத்தரையில் அவளுடைய செருப்பு வழுக்குகிறது. மகள் பிடிக்கக் கை நீட்டி, யாராவது பார்க்கிறார்களா என்று தயங்கிக் கையை இழுத்துக்கொள்கிறாள். அது எனக்குத் தெரியவே தெரியாது. கடைசிப் பத்தியில் ஜெனி இப்படி எழுதியிருந்தாள்: என் அம்மா, நான்தான் எழுதினேன் என்றார். என் ஆசிரியை, இது திருட்டு என்றார். இரண்டு பேரும் சொன்னது உண்மை என்று அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரிந்திருந்தது.

நான்கு இடங்களில் வினைச்சொற்களின் காலம் தவறியிருந்தது. ஒரு காற்புள்ளி தேவையற்றது. நான் பேனாவை எடுக்கவில்லை.

எழுபத்திரண்டு மதிப்பெண் கொடுத்தார் மிஸஸ் பார்க்கர். ஜெனியின் இடம் நிலைத்தது. ஆம்பூரில் எழுபத்திரண்டு என்றால் மதிப்பெண் அட்டையில் கையெழுத்துப் போட நான் யோசித்திருப்பேன். இங்கே அந்தத் தாளைக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டி வைத்திருக்கிறேன். அதைக் கடந்து போகும்போதெல்லாம் அந்த வழுக்கும் செருப்பு கண்ணில் படுகிறது.

சில நாள் கழித்து, காலை உணவுக்குப் பின், ஆம்பூரில் என்னோடு ஆங்கிலம் கற்பித்த தபஸ்ஸுமை அழைத்தேன். அங்கே பள்ளி விட்டிருந்தது. நடந்ததையெல்லாம் கேட்டுவிட்டு அவள் வாய்விட்டுச் சிரித்தாள்.

"அந்தப் பாலாறு கட்டுரையா டீச்சர்? அது இன்னும் இங்க ஓடிக்கிட்டுதான் இருக்கு. ஆத்துலதான் தண்ணி கம்மி, நோட்டுல வருஷா வருஷம் வெள்ளம்!"

"யார் எழுதிப் போடறா இப்ப?"

"ரேஷ்மாதான். நம்ம ரேஷ்மா. போன ஜூன்லேர்ந்து உங்க கிளாஸ் அவகிட்டதான். ஆனா அவ ஒரு வேல பண்றா டீச்சர். போர்டுல எழுதறப்ப ஃபாதர்னு வர்ற எடத்த மட்டும் காலியா விட்டுக் கோடு போட்டுட்றா. அவங்கவங்க ஆள அவங்கவங்க போட்டுக்கணுமாம். போன தடவ ஒருத்தி பக்கத்து வீட்டு ஆட்டோ டிரைவர்னு போட்டிருக்கா. படிச்சிட்டு நாங்க ஸ்டாஃப் ரூம்ல ஒரே சிரிப்பு."

நானும் சிரித்தேன். ரேஷ்மாவிடம் ஏதாவது சொல்லட்டுமா என்று அவள் கேட்டாள். சொல்ல வேண்டியது பதினான்கு ஆண்டுகளின் நீளம் இருந்தது. "நான் விசாரிச்சேன்னு சொல்லு" என்றேன்.

தொலைபேசியை வைத்துவிட்டு என் பழைய நோட்டைத் திறந்தேன். அன்று பாலத்தில் என் தந்தை என்ன நிறச் சட்டை அணிந்திருந்தார் என்று நினைவுகூரப் பார்த்தேன். முடியவில்லை. இத்தனை ஆண்டுகள் ஒப்பிக்க வைத்ததில் வலிமையான தோள்கள் என்ற இரண்டு சொற்கள் மட்டுமே மிஞ்சியிருந்தன. அவற்றின் மேல் இருந்த முகம் எனக்கும் பாடமாகிப் போயிருந்தது. பென்சிலை எடுத்து, அந்தச் சொற்களின் கீழே மெல்லிய கோடொன்று போட்டேன். வெளியே பனி பெய்துகொண்டிருந்தது. ஆம்பூரில், ஜன்னலோரம் மூன்றாவது பெஞ்ச் இருக்கும் அந்த அறையில், காலியாக விட்ட அந்தக் கோட்டில், ரேஷ்மா இருக்கிறாள்.