நிற்கும் மோட்டாரின் பலம்

வார்ப்பு ஆலையில் கணினி சொன்னபடி தானே செதுக்கும் சிஎன்சி இயந்திரம் வந்ததும், மர அச்சு செய்துகொண்டிருந்தவருக்கு வேலை போயிற்று. அதே போல ஒன்றைத் தம் பின்னறையில் தாமே கட்ட முனைந்தார். திருகு, கட்டர் நகர்வதற்கான தண்டவாளம், கன்ட்ரோல் போர்டு எல்லாவற்றையும் நூல் பிடித்தாற்போல் பார்த்து வாங்கினார். மோட்டாரில்தான் எலக்ட்ரீஷியனான மைத்துனரோடு முட்டிக்கொண்டது.

"மாமா, இந்த மோட்டார் லேபிள்ல போட்டிருக்கிறது நிக்கிற மோட்டாரோட பலம். வேகமா ஓடுனா பாதிகூடத் தேறாது. தடுமாறுனா போர்டுக்குத் தெரியவும் தெரியாது. என்கோடர் வச்சதா வாங்குங்க, எவ்வளவு சுத்துச்சுன்னு அது போர்டுக்குச் சொல்லிடும்."

"பல்பு மாட்டுறவன் எனக்குப் பாடம் எடுக்குறியா?"

அந்த மோட்டாரையே வாங்கி மாட்டினார். மைத்துனர் அதன்பின் அந்த அறையை எட்டிப் பார்க்கவில்லை.

கட்டத் தொடங்கிய பதினோராம் மாதம், இயந்திரம் ஓடத் தொடங்கியதும், மரச்சாமான் கடைக்காரர் ஒரு கதவுப் பலகையோடு வந்தார். பூவேலை சரியாக அமைந்தால் அவர் கடைக் கதவுகள் எல்லாம் இங்கேதான். முதல் இதழ்கள் அழகாக விழுந்தன.

"இவ்வளவு மெதுவா ஓடுனா எனக்குக் கட்டாது, பெரியவரே."

பெரியவர் வேகத்தை ஏற்றினார். மோட்டார் உறுமித் தடுமாறியது. கட்டர் அரை விரல் தள்ளிப்போய், செதுக்கிய இதழ்களையே கிழித்தது. திரையில் கட்டர் இருக்கும் இடத்தைக் காட்டும் எண்கள் மட்டும் பிசகாமல் ஓடின.

"எண்ணெல்லாம் சரியாத்தான் இருக்கு," என்றார்.

"அதை வாசல்ல மாட்ட முடியுமா?" கடைக்காரர் பலகையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

"தம்பியைக் கூப்பிடட்டுமா?" என்றாள் மனைவி.

"எதுக்கு? 'அப்பவே சொன்னேனே'ன்னு குத்திக்காட்டவா?"

"குத்திக்காட்ட மாட்டான். வந்து பேசாம மோட்டாரை மாத்திட்டுப் போவான். அதைத்தான் உங்களால தாங்க முடியாது."

அவர் சுவிட்சை அணைத்தார். கூப்பிடச் சொல்லவில்லை.