பாப்பாவின் தாய்மாமன் ரொடெல்

போன மாதம் என் அண்ணன் மகளுக்குக் காது குத்து. புக்கிட் பெலண்டோக் பக்கம், நாங்கள் பிறந்து வளர்ந்த எஸ்டேட் மாரியம்மன் கோயிலில். பாப்பா அழுதது கொஞ்சம்தான். அதற்கு முன்னால் நான் போட்ட சத்தம்தான் லுக்குட் வரைக்கும் கேட்டிருக்கும்!

அண்ணி மலேசியாவுக்கு வேலைக்கு வந்த பிலிப்பைன்ஸ்காரர். செரம்பானில் ஒரே ஃபேக்டரியில் வேலை, பழக்கம், கல்யாணம். ஆறு வருஷமாக எங்கள் வீட்டில் ரசம் வைக்கிறார். என்னைவிட நன்றாகவே வைக்கிறார்... வெளியே சொல்லிவிடாதீர்கள்.

காது குத்தும்போது பிள்ளை தாய்மாமன் மடியில் உட்கார வேண்டும், தோடு அவர் சீர் - நமக்குத் தெரிந்ததுதானே? அண்ணியின் தம்பி ரொடெல் அதற்காகவே லீவு சேர்த்து வைத்து, இரண்டு விமானம் மாறி வந்திருந்தார். சட்டைப் பையில் ஒரு ஜோடி குட்டித் தங்கத் தோடு. அவர்கள் அம்மா கைக்குழந்தையாக இருந்தபோது போட்டது. பிறகு அண்ணி போட்டது. இப்போது பாப்பாவுக்கு.

கோயிலில் பார்த்தால், மணையில் வேறு யாரோ உட்கார்ந்திருக்கிறார்! எங்கள் சித்தப்பாவின் மச்சினன். ரொடெல் பின்னால் பிளாஸ்டிக் நாற்காலியில், அண்ணன் கட்டிவிட்ட வேட்டியில், சட்டைப் பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னா சித்தப்பா இது?"

"அவன் சர்ச்சுக்குப் போறவன். நம்ப முறையெல்லாம் அவனுக்கு என்னா தெரியும்? பேருக்கு நம்ப ஆளு ஒருத்தன் உக்காரட்டும்லா."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"பேருக்கு உக்கார இது என்னா பஸ் சீட்டா? கூடப் பொறந்தவரு குத்துக்கல்லாட்டம் இங்க இருக்காரு. அவர ஓரமா உக்கார வச்சுட்டு முறைய பத்திப் பேசுறீங்களே!"

அண்ணன்? கோபுரத்தை ஆராய்ந்துகொண்டிருந்தான். எல்லா வீட்டிலும் இப்படி ஓர் அண்ணன் இருப்பான் போலிருக்கிறது.

அப்போதுதான் அண்ணி பாப்பாவைத் தூக்கிக்கொண்டு எழுந்தார். ஆறு வருஷத்தில் சித்தப்பாவை எதிர்த்து ஒரு வார்த்தை பேசாதவர்.

"மாமா, என் தம்பி மடியிலதான் பாப்பா உக்காரும். இல்லனா நாங்க வீட்டுக்குப் போறோம்."

ரொடெலுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் அக்காவின் குரல் தெரியுமே! எழுந்து வந்தார். சண்டைக்குத்தான் வருகிறார் என்று நினைத்தேன். வந்தவர் சித்தப்பா முன்னால் குனிந்தார். அவருடைய வலது கையை எடுத்துத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டார். அவர்கள் ஊரில் பெரியவர்களுக்கு அதுதான் வணக்கம். நடக்கத் தொடங்கும்போதே பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்துவிடுவார்களாம்.

சித்தப்பாவின் சொந்தப் பிள்ளைகள் காரைவிட்டு இறங்கி, "ஹாய்ப்பா" என்று சொல்லிவிட்டு ஃபோனைப் பார்க்கிற ரகம். சித்தப்பா கொஞ்ச நேரம் அந்த நெற்றியிலிருந்து கையை எடுக்கவே இல்லை. பிறகு மச்சினனைப் பார்த்துக் கத்தினார்:

"எந்திரிய்யா!"

பாப்பா தன் மாமன் மடியில் உட்கார்ந்தது. ஆசாரி ஊசியை எடுத்தபோது ரொடெல்தான் முதலில் அழுதார்.

'இப்படியே போனால் நம் கலாசாரம் என்னாவது?' என்று சிலர் கேட்கப் போகிறீர்கள். தெரியும். தாராளமாகக் கேளுங்கள். தாய்மாமன் என்றால் தாயோடு பிறந்தவன். அவன் என்ன பாஷை பேசுகிறான் என்று எந்த மாரியம்மன் கேட்டாள்? நம் ஆட்களும் கப்பலேறி வந்தவர்கள்தானே? அடுத்த பிள்ளைக்கும் ரொடெல் மடிதான். யார் வந்து தடுக்கிறார்கள், பார்த்துவிடலாம்.

சித்தப்பாவா? இப்போது வீட்டுக்கு வருகிற பிள்ளைகளிடமெல்லாம் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறார்... கேட்டால், அதுதான் முறையாம்!