நளினியின் கிட்டார் காய்ந்த ஜனவரி

பெட்டியைத் திறந்ததும் முதலில் கண்ணில் பட்டது கிட்டார் அல்ல, வெள்ளைப் பொட்டலங்கள். புது ஷூ வாங்கினால் உள்ளே கிடக்குமே, ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல், அதுதான். கழுத்துக்கு அடியில், ஓரங்களில், நடு ஓட்டைக்குள்ளே என்று கை கையாகத் திணித்திருந்தது. நளினி எல்லாவற்றையும் அள்ளிக் கட்டில்மேல் கொட்டினாள். அதற்கப்புறம்தான் விரிசலைப் பார்த்தாள். கம்பிகள் முடியும் மரக்கட்டைக்கு அடியில் தொடங்கி மேல்பலகையின் விளிம்பு வரை, பிளேடால் கீறியதுபோல ஒரு நேர்க்கோடு. பலகை உள்வாங்கிக் குழிந்திருந்தது. ஒரு கம்பியைத் தட்டினாள். வண்டு மாட்டிக்கொண்டதுபோல ஒரு கரகரப்பு வந்தது.

2008 ஜனவரி. குவைத்தின் ஃபஹாஹீலில் ஒரு மூன்றாம் மாடி ஃபிளாட். மகள் இளவேனிலோடு பள்ளி விடுமுறைக்குச் சென்னை போனவள் அன்று காலைதான் திரும்பியிருந்தாள். வருகிற வெள்ளிக்கிழமை தமிழ்ச் சங்கத்தின் பொங்கல் விழா. கல்யாணமாகி இங்கே வந்ததிலிருந்து ஒவ்வொரு பொங்கலுக்கும் அவள் அந்த மேடையின் பின்வரிசையில் உட்கார்ந்து ஆண்கள் பாடும் பாட்டுக்குத் தாளம் கொடுத்து வந்தாள். இந்த வருடம்தான் முதல்முறையாக அவளுக்கென்று பத்து நிமிடம். தனியாக, அவளே அமைத்த இசை. அந்தப் பத்து நிமிடத்துக்குச் செயற்குழுவில் கூட்டத்துக்குக் கூட்டம் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது.

நளினி பெரம்பூர்க்காரி. அப்பாவுக்கு ரயில் பெட்டித் தொழிற்சாலையில் வேலை. தெருவில் பாதிப் பேர் வீட்டில் கிட்டார் இருந்த காலத்தில் வளர்ந்தவள், காதால் கேட்டே பாதி கற்றுக்கொண்டாள். கல்லூரியில் பெண்கள் மட்டுமே இருந்த ஒரு மெல்லிசைக் குழுவில் வாசித்தாள். குவைத்துக்கு வரும்போது பட்டுப்புடவைகளை லக்கேஜில் போட்டுவிட்டுக் கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். குடும்ப விசாவில் வேலைக்குப் போக முடியாது. அதனால் சாயங்காலங்களில் கட்டிடத்துப் பிள்ளைகள் அவள் ஹாலில் உட்கார்ந்து ஆங்கிலத்தில் சண்டை போட்டுக்கொண்டே கிட்டார் கற்றார்கள்.

குவைத்தின் குளிர்காலம் என்ன செய்யும் என்பதை முதல் வருடமே அவள் விரல் சொல்லிவிட்டது. கிட்டாரின் கழுத்தில் குறுக்கே பதித்திருக்கும் உலோகப் பட்டைகளின் முனைகள் ஒரு நாள் விரலைக் கிழித்தன. பட்டை வளரவில்லை, மரம்தான் சுருங்கியிருந்தது. ஜன்னலைச் சாத்தி, ஹீட்டரைப் போட்டு, அறைக்குள் இருக்கும் கொஞ்ச ஈரத்தையும் சுட்டுத் தீர்த்தால் மரம் வேறென்ன செய்யும்? இணையத்தில் தேடிப் படித்தாள். ஒரு பிளாஸ்டிக் சோப்பு டப்பாவில் ஓட்டை போட்டு, ஸ்பாஞ்சை நனைத்துச் சொட்டாமல் பிழிந்து உள்ளே வைத்து, டப்பாவைக் கிட்டார் பெட்டிக்குள் போட்டாள். காயக் காய நனைத்து வைத்தாள். பெட்டியை ஹீட்டரிலிருந்து தள்ளி, உள்ளறை அலமாரியில் வைத்தாள். அதன்பிறகு எந்தக் குளிர்காலத்திலும் கிட்டாருக்கு ஒன்றும் ஆகவில்லை.

இந்த முறை ஊருக்குக் கிளம்பும்போது கணவன் அனந்தகிருஷ்ணனிடம் ஏர்போர்ட் வாசலில் நின்று, ஸ்பாஞ்சைக் காயவிடாமல் நனைத்து வைக்கும்படி சொல்லிவிட்டுத்தான் போனாள். அவன் சரி என்று தலையாட்டினான்.

அனந்தகிருஷ்ணன் எண்ணெய்க் கம்பெனி ஒன்றின் கான்ட்ராக்டரிடம் மீட்டர்களைக் கவனிக்கும் இன்ஸ்ட்ருமென்டேஷன் இன்ஜினியர். டூட்டி முடிந்து வந்தவன், கட்டிலில் பொட்டலங்களைப் பார்த்ததும் முகம் மலர்ந்தான்.

"பார்த்தியா? ஒரு சொட்டு ஈரம் இல்லாம வச்சிருக்கேன். ஹீட்டர் பக்கத்துலயே வேற வச்சிருந்தேன்."

"ஸ்பாஞ்ச என்ன பண்ணீங்க?"

"தூக்கிப் போட்டேன். மரத்துக்குள்ள தண்ணிய வச்சா என்ன ஆகும்? மழைக்காலத்துல உங்க வீட்டுக் கதவு ஒண்ணாவது ஒழுங்கா சாத்துமா, சொல்லு. சைட்டுக்கு வர்ற மீட்டர் பெட்டி அத்தனையிலயும் இதப் போட்டுத்தான் அனுப்புறான். அதான் சேர்த்து எடுத்துட்டு வந்தேன்."

அவள் கிட்டாரை அவன் பக்கம் திருப்பிக் காட்டினாள். அவன் விரிசலை விரலால் தடவினான். மட்டமான மரமாக இருக்கும் என்றான்.

நளினி கிட்டாரைக் கட்டில்மேல் வைத்தாள்.

"ஏர்போர்ட்ல நான் என்ன சொன்னேன்?"

"ஸ்பாஞ்ச நனைக்கச் சொன்ன."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"சரின்னேன்."

"அந்தச் சரிக்கு என்னங்க அர்த்தம்?"

"நல்லதுக்குத்தானே நளினி பண்ணேன்."

அதுதான் அவளைக் கொதிக்க வைத்தது. கார் ஓட்டப் பழக வேண்டும் என்றாள். சரி என்றான், மாதாந்திர டாக்சி ஏற்பாடு செய்தான், இந்த ஊர் ரோடு ஆபத்து, நல்லதுக்குத்தான். பால்கனியில் செடி வைக்க வேண்டும் என்றாள். சரி என்றான், பிளாஸ்டிக் செடி வாங்கி வந்தான், தண்ணீர் ஊற்றுகிற வேலை மிச்சம், நல்லதுக்குத்தான். அவன் கத்துகிறவன் அல்ல, கை ஓங்குகிறவன் அல்ல. ஊரே நல்ல மனுஷன் என்று சொல்கிற நல்ல மனுஷன். அப்படிப்பட்டவனிடம் கோபப்படுவதற்குக்கூட ஒரு பெண் காரணம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியிருக்கிறது என்று நினைக்க நினைக்க அவளுக்கு இன்னும் பற்றியெரிந்தது.

விஷயம் கேள்விப்பட்டு சங்கத்தின் கலைச் செயலாளர் பாலா வந்தான். கீபோர்டு வாசிப்பவன், மேடையில் தொகுத்து வழங்குபவனும் அவனே. கிட்டாரைத் தூக்கிப் பார்த்து உச்சுக் கொட்டினான். ஃபெவிகால் தடவினால் தெரியாது என்றான். அதைவிட நல்ல யோசனையும் கையில் இருந்தது.

"கீபோர்டுல கிட்டார் டோன் இருக்கு மேடம். நான் வாசிச்சு ட்ராக் போட்டுடறேன். நீங்க சும்மா கையில பிடிச்சிட்டு நின்னாப் போதும். போட்டோவுக்கு நல்லா இருக்கும்."

"நீங்க சும்மா மைக்கப் பிடிச்சிட்டு நில்லுங்க பாலா. நான் வாசிச்சுக்கறேன்."

அன்றே ஹீட்டரை அணைத்தாள். காய்ந்த மரத்தை அவசரமாக நனைக்கக் கூடாது, மெல்லத்தான் தேற்ற வேண்டும். கம்பிகளைத் தளர்த்தினாள். பெட்டிக்குள் இரண்டு சோப்பு டப்பாக்களை வைத்தாள். அறையில் நாற்காலிக்கு நாற்காலி ஈரத்துண்டு தொங்கியது. சொல்லி வைத்தாற்போல அந்த வாரம்தான் குவைத்தே நடுங்கிய குளிர். அனந்தகிருஷ்ணன் ஸ்வெட்டர்மேல் ஸ்வெட்டர் போட்டு, குரங்குக் குல்லா மாட்டிக்கொண்டு தோசை சாப்பிட்டான். இளவேனில் அவனைப் பார்த்து, "அப்பா, யூ லுக் லைக் எ தீஃப்" என்றாள். நளினி சிரிக்கவில்லை.

இரண்டாம் நாள் அவன் தாங்க மாட்டாமல் கேட்டான்.

"ஹால்ல மட்டும் கொஞ்ச நேரம் ஹீட்டர் போட்டுக்கட்டுமா?"

"சரி" என்றாள் நளினி.

அவன் எழுந்து போய் ஹாலில் தேடினான், படுக்கையறையில் தேடினான், குனிந்து கட்டிலுக்கடியிலும் பார்த்தான். ஹீட்டர் இல்லை. அதை அவள் காலையிலேயே எதிர் ஃபிளாட் மெஹர்பானுவிடம் கொடுத்துவிட்டிருந்தாள். வந்து அவள் முகத்தைப் பார்த்தவன் திரும்பிப் போர்வைக்குள் போனான்.

வியாழக்கிழமைக்குள் விரிசலின் வாய் ஓரளவு மூடியது. குழிந்த பலகை கொஞ்சம் எழுந்தது. ஆனாலும் கழுத்தின் மேல்பகுதியில், உச்ச சுரங்கள் இருக்கும் இடத்தில் விரல் வைத்தால் கரகரப்பு போகவில்லை. எவ்வளவு உயரத்துக்குப் போக வேண்டும் என்று எண்ணி எண்ணி அமைத்த இசை அது. நளினி சுருதியை இறக்கி, உச்சியில் இருந்த இடங்களையெல்லாம் வெட்டி, கீழேயே வாசிக்கிற மாதிரி மாற்றினாள். வெட்டிய ஒவ்வொரு இடத்திலும் அவளுக்கு ஆத்திரம் புதிதாக வந்தது.

விழா ஒரு பள்ளிக்கூட அரங்கில். சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. பெண் எவள் மேடையேறினாலும் முதலில் அவள் கணவனுக்கு நன்றி சொல்வார்கள். பாலா மைக்கைப் பிடித்தான். அடுத்து திருமதி அனந்தகிருஷ்ணன் என்றான். "இவருக்கு முழு ஒத்துழைப்புத் தந்து, இசைக்கருவியையும் கண்போலப் பாதுகாத்து வரும் கணவர் திரு. அனந்தகிருஷ்ணன் அவர்களுக்குப் பலத்த கரவொலி" என்றான். கூட்டம் கைதட்டியது. அனந்தகிருஷ்ணன், வருடா வருடம் செய்து பழகிய கையும் காலும் தானாக இயங்க, பாதி எழுந்து எல்லோருக்கும் கும்பிடு போட்டான்.

நளினி திரைச்சீலை ஓரத்தில் நின்று அதைப் பார்த்தாள். நடந்து வந்து மைக்கைத் தன் பக்கம் திருப்பினாள்.

"என் பேரு நளினி. இந்தக் கிட்டார்ல விரிசல் விட்டிருக்கு. சில இடத்துல கரகரன்னு கேக்கும், அது என் வாசிப்பு இல்ல. எப்படி விட்டுச்சுன்னு தெரியணும்னா, இப்ப எழுந்து கும்பிட்டாரே, அவரைக் கேளுங்க."

அரங்கம் சிரித்தது. ஏதோ புருஷன் பொண்டாட்டி விளையாட்டு என்று நினைத்தார்கள் போலும். அவள் உட்கார்ந்து வாசிக்கத் தொடங்கியதும் சிரிப்பு நின்றது. கம்பிகளைத் தடவவில்லை, அடித்தாள். கரகரப்பு வந்த இடத்தில் ஒதுங்காமல் அதன்மேலேயே ஏறிப் போனாள். இனிமையாக இருந்தது என்று யாரும் சொல்லியிருக்க முடியாது. ஆனால் பத்து நிமிடமும் யாரும் எழுந்து வெளியே போகவில்லை. பாலா மட்டும் நடுவில் ஒருமுறை கடிகாரத்தைப் பார்த்தான்.

அதன்பிறகு சாப்பாட்டு வரிசை. காகிதத் தட்டோடு நின்ற அனந்தகிருஷ்ணனை நாலு பேர் சூழ்ந்துகொண்டார்கள். என்ன சார், என்ன பண்ணினீங்க, வீட்டுல சண்டையா என்று தோளில் தட்டிக் கேட்டார்கள். நளினி பெட்டியோடு அந்தப் பக்கம் வந்தபோது அவன் சிரித்துச் சமாளித்துக்கொண்டிருந்தான்.

"அதெல்லாம் ஒண்ணுமில்ல சார். இங்க கிளைமேட் அப்படி. மரம் தாங்கல."

நளினி நின்றாள். குரலை உயர்த்தவில்லை.

"கிளைமேட் இல்லீங்க. ஒன்பது வருஷமா அதே கிளைமேட்தான்."

நாலு பேரும் தட்டைப் பார்த்தார்கள். அவனுக்கு நகர்ந்து போக வழியிருந்தது, வரிசை முன்னால் போய்க்கொண்டுதான் இருந்தது. அவன் நகரவில்லை. கரண்டியைத் தட்டில் வைத்தான்.

"நான்தான் சார்" என்றான். "என்ன செய்யணும்னு சொல்லிட்டுப் போனா. சரின்னு சொல்லிட்டு, எனக்குத் தெரிஞ்சத செஞ்சேன்."

அவ்வளவுதானா என்பதுபோல அவள் அங்கேயே நின்றாள்.

"அவ சொன்னத நான் காதுலயே வாங்கல" என்றான்.

யாரோ பேச்சை மாற்ற, வடை தீர்ந்துவிட்டதா என்று கேட்டார்கள். நளினியின் கோபம் ஓர் அங்குலம்கூட இறங்கவில்லை. விரிசலை ஒட்டத் தெரிந்தவன் இந்த ஊரில் எங்கே இருக்கிறான் என்று இனிமேல்தான் தேட வேண்டும். அவள் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு, கையலம்பப் போயிருந்த மகளைக் கூப்பிட்டாள்.